‘ஆய்வு சொல்கிறது’ என்பதைச் சரிபார்ப்பது எப்படி? தரம் 10, 11 விஞ்ஞான மின்பாடங்களுக்காக

கொட்டகலை_விஞ்ஞானம் | திங்கள், இரவு 8.10

வணக்கம். தரம் 10, 11 விஞ்ஞானத்துக்குத் தமிழ்மொழிமூலப் பாடங்கள் செய்யும் குழுவுக்காகக் கேட்கிறேன். பாடம் மூடில் என்ற இணையக் கற்றல் தளத்தில் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது போய்ச் சேர்வது வட்ஸ்அப் வழியாகத்தான்.

வடிவமைப்புக் கூட்டங்களில் மூன்று விதிகள் திரும்பத் திரும்ப வருகின்றன. வீடியோ ஆறு நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பேசுவதையே திரையில் எழுதக் கூடாது. பார்வை, செவி, செயல் என்று பிள்ளைகளை வகைப்படுத்தி ஒரே பாடத்தை மூன்று விதமாகச் செய்ய வேண்டும். மூன்றுக்கும் சொல்லப்படும் ஆதாரம் ‘ஆய்வு சொல்கிறது’ என்பதே. எந்த ஆய்வு, யாரை வைத்துச் செய்தது என்று கேட்டால் ஒரு ஸ்லைடு வருகிறது, கட்டுரை வருவதில்லை.

பல்கலைக்கழகக் கணக்கு இல்லாமல் மூலக் கட்டுரையை எப்படிப் பிடிப்பது? வாசிக்கும்போது எதைப் பார்ப்பது? தேயிலைத் தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அது பொருந்துமா என்று எதை வைத்து முடிவெடுப்பது?

---

பேராதனை_நூலகம் | திங்கள், இரவு 9.25

தேடுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அளவீட்டை அது தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சாதாரண கூகுளில் தொடங்க வேண்டாம். அங்கே முதலில் வருவது மென்பொருள் விற்பவர்களின் கட்டுரைகள். கூகுள் ஸ்காலருக்குப் போவதற்கு முன்பு உங்கள் கேள்வியை ஆய்வாளர்கள் தலைப்பில் எழுதும் சொல்லுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சின்னச் சின்ன வினாவிடை வைப்பதை ‘ரிட்ரீவல் பிராக்டிஸ்’ அல்லது ‘டெஸ்டிங் இஃபெக்ட்’ என்று தேட வேண்டும். இடைவெளி விட்டு மீட்டுவது ‘டிஸ்ட்ரிபியூட்டட் பிராக்டிஸ்’. வீடியோவைத் துண்டாக்குவது ‘செக்மென்டிங்’. பேச்சும் அதே எழுத்தும் சேர்ந்து வருவது ‘வேர்பல் ரிடண்டன்சி’. ஆங்கில எழுத்தில், மேற்கோள் குறிக்குள் இடுங்கள். பக்கத்தில் ‘மெட்டா அனாலிசிஸ்’ என்று சேர்த்தால் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்த கட்டுரைகள் மேலே வரும். தனி ஆய்வைத் தொடுமுன் தொகுப்பாய்வைப் பாருங்கள்.

ஒரு நல்ல கட்டுரை கிடைத்துவிட்டால் அதன் கீழே ‘மேற்கோள் காட்டியவை’ என்ற இணைப்பு இருக்கும். அதை அழுத்தி, ‘மேற்கோள் காட்டிய கட்டுரைகளுக்குள் தேடு’ என்ற பெட்டியைச் சரி போட்டு, ‘ரெப்ளிகேஷன்’ அல்லது ‘செகண்ட் லாங்குவேஜ்’ என்று தேடுங்கள். பழைய கட்டுரையை யார் திரும்பச் செய்தார்கள், எங்கே அது நிற்கவில்லை என்பது இந்த ஒரு வழியில்தான் விரைவாகத் தெரியும். பலர் முதல் கட்டுரையோடு நின்றுவிடுகிறார்கள். விதி ஸ்லைடாக மாறுவது அங்கேதான்.

முழுக் கட்டுரை பூட்டியிருந்தால் இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் ஸ்காலரில் அதே கட்டுரையின் ‘அனைத்துப் பதிப்புகள்’. ஆசிரியரின் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஏற்றிய பிரதி பெரும்பாலும் அங்கே கிடைக்கும். அடுத்து உலாவியில் அன்பேவால் நீட்சியை நிறுவுங்கள். சட்டபூர்வமான இலவசப் பிரதி இருந்தால் பக்க ஓரத்தில் பூட்டு பச்சையாகத் திறந்திருக்கும், இல்லாவிட்டால் சாம்பல் நிறம். மூன்றாவது எரிக் தரவுத்தளம். அமெரிக்கக் கல்வித் திணைக்களம் நடத்துவது. தேடல் பெட்டிக்குக் கீழே ‘முழு உரை உண்டு’, ‘சக மதிப்பாய்வு பெற்றவை’ என்று இரண்டு வடிகட்டிகள் உண்டு, இரண்டையும் போடுங்கள். எதிலும் கிடைக்காவிட்டால் கட்டுரையின் முதல் பக்கத்தில் உள்ள தொடர்பு ஆசிரியருக்கு நாலு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். தலைப்பு, ஆண்டு, எதற்காகத் தேவை. அவ்வளவு போதும். தங்கள் கட்டுரையைக் கேட்பவருக்கு அனுப்பப் பலர் தயங்குவதில்லை.

நம் நாட்டுக்குள் தேட எஸ்எல்ஜோல் என்ற இலங்கை ஆய்விதழ்த் தளம் இருக்கிறது, முழுக்க இலவசம். தமிழில் என்றால் நூலகம் தளத்தில் அகவிழி போன்ற கல்வி இதழ்களின் பழைய பிரதிகள் உண்டு. அவற்றில் கட்டுரைகளே அதிகம், கட்டுப்பாட்டுக் குழு வைத்த பரிசோதனைகளை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் தோட்டப் பாடசாலைச் சூழலைப் புரிந்துகொள்ள வெளிநாட்டுத் தொகுப்பாய்வு எதுவும் தராததை அவை தரும்.

கட்டுரைகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்த ஸோட்டேரோ என்ற மென்பொருள். இலவசம். பிடிஎப்களை உங்கள் கணினியிலேயே வைத்தால் இடம் பிரச்சினை இல்லை. மேகத்தில் ஒத்திசைத்தால் 300 எம்பி வரைதான் காசில்லாமல். பின்வாங்கப்பட்ட கட்டுரை உங்கள் சேகரிப்பில் இருந்தால் அது சிவப்பில் எச்சரிக்கும். இதற்காகவே அதை வைத்துக்கொள்ளலாம்.

---

பதுளை_அளவீடு | திங்கள், இரவு 10.40

அந்த மூன்று விதிகளையும் எடுத்துக்கொள்வோம் சேர். மூன்றும் ஒரே தரத்தவை அல்ல.

ஆறு நிமிடம்: இதன் மூலம் 2014இல் பிலிப் குவோ, ஜுஹோ கிம், ராப் ரூபின் மூவரும் வெளியிட்ட கட்டுரை. எட்எக்ஸ் என்ற இணையப் பாடநெறித் தளத்தின் நான்கு பாடநெறிகள், 862 வீடியோக்கள், 69 இலட்சம் பார்வை அமர்வுகள். பெரிய தரவுதான். ஆனால் அவர்கள் அளந்தது எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதை. வீடியோ எவ்வளவு நீளமானாலும் நடுத்தரப் பார்வை நேரம் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. எவ்வளவு கற்றார்கள் என்று அது சொல்லவில்லை. பார்த்தவர்களும் தாமாக விரும்பிச் சேர்ந்து, எப்போது வேண்டுமானாலும் விட்டுப்போகக் கூடியவர்கள். க.பொ.த. சாதாரண தரத்துக்குப் படிக்கும் பிள்ளை அந்த நிலையில் இல்லை. ஆகவே ‘நீளமான வீடியோவை முழுதாகப் பார்க்கமாட்டார்கள், துண்டாக்குவது பாதுகாப்பு’ என்று எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு நிமிடம் தேவைப்படும் விளக்கத்தை ஆறுக்குள் அடைக்க நடு விளக்கத்தை வெட்டாதீர்கள். கருத்து முடியும் இடத்தில் வெட்டுங்கள்.

பார்வை, செவி, செயல்: இதை விட்டுவிடலாம். 2008இல் பாஷ்லர், மெக்டானியல், ரோரர், ப்யோர்க் நால்வரும் இதற்கு என்ன வகை ஆதாரம் வேண்டும் என்று தெளிவாக வரையறுத்தார்கள். ‘பார்வை’ வகைப் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து ஒரு பாதிக்குப் படம், மறு பாதிக்கு ஒலி. ‘செவி’ வகைக்கும் அப்படியே. படம் முதல் வகைக்கும் ஒலி இரண்டாம் வகைக்கும் நல்ல பெறுபேறு தர வேண்டும். இந்தக் குறுக்கு விளைவைச் சரியாகக் காட்டிய ஆய்வுகள் அவர்களுக்கு ஏறத்தாழக் கிடைக்கவே இல்லை. பிள்ளைக்கு ஒரு விருப்பம் இருக்கலாம். அந்த விருப்பப்படி கொடுத்தால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குத்தான் ஆதாரம் இல்லை. மூன்று பதிப்புச் செய்யும் உழைப்பை ஒரு நல்ல பதிப்புக்கும் பயிற்சிக் கேள்விகளுக்கும் கொடுங்கள்.

இதே ஸ்லைடுகளில் ‘வாசித்ததில் 10 சதவீதம், கேட்டதில் 20 சதவீதம் நினைவில் நிற்கும்’ என்ற கூம்பும் வரும். எட்கார் டேல் 1946இல் வரைந்த கூம்பில் சதவீதங்களே இல்லை. பிறகு யாரோ ஒட்டியவை. அழகாகப் பத்துப் பத்தாக ஏறும் எண்களைக் கண்டால் அங்கேயே நின்று மூலம் கேளுங்கள்.

திரையில் எழுதுவது: இது மெய்யான ஆய்விலிருந்து வந்தது, ஆனால் எல்லை உண்டு. ரிச்சர்ட் மேயரும் அவரோடு வேலை செய்தவர்களும் மின்னல் உண்டாவது போன்ற குறும்பாடங்களை வைத்து, படம் + பேச்சு என்பது படம் + பேச்சு + அதே எழுத்து என்பதைவிட நல்லது என்று காட்டினார்கள். படமும் எழுத்தும் இரண்டும் கண்ணுக்கே போட்டியிடுகின்றன என்பது காரணம். சில நிமிடப் பாடம், உடனே பரீட்சை, பல்கலைக்கழக மாணவர்கள், அவர்களுடைய சொந்த மொழி. இந்த நாலையும் எழுதி வைத்துக்கொண்டு, நம் பிள்ளையிடம் எது மாறுகிறது என்று பாருங்கள்.

கட்டுரையை எங்கிருந்து வாசிப்பது என்று கேட்டீர்கள். சுருக்கத்தையும் முடிவுரையையும் கடைசியில் வாசியுங்கள். முதலில் முறையியல். யார், எத்தனை பேர், எழுமாற்றாக, அதாவது குலுக்கல் முறையில், பிரித்தார்களா, எதோடு ஒப்பிட்டார்கள், பரீட்சை எப்போது வைத்தார்கள், அந்தப் பரீட்சையை யார் தயாரித்தார்கள், இடையில் எத்தனை பேர் போனார்கள். ‘எதோடு ஒப்பிட்டார்கள்’ என்பதில்தான் அதிகம் வழுக்கும். புதிய வீடியோவை ஒன்றுமே கொடுக்காத குழுவோடு ஒப்பிட்டால் எந்தப் பாடமும் ஜெயிக்கும்.

---

மஸ்கெலியா_கணினிவளம் | செவ்வாய், காலை 6.30

திரை எழுத்து விடயத்தில் நான் எதிர்ப்பக்கம். மேயரின் பங்குபற்றுநர்கள் அமைதியான அறையில் ஹெட்போன் போட்டிருந்தார்கள். இங்கே மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவு முழுக்க மழை. தோட்ட வீட்டு வரிசையான லயத்துத் தகரக்கூரையில் மழை இறங்கும்போது போன் ஸ்பீக்கரில் வரும் குரல் கேட்காது. வீட்டில் ஆறு பேர் ஒரே அறையில். எழுத்தை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்குப் பாடமே இல்லை.

இன்னொன்று, கலைச்சொல். ‘செவ்வன் மறுதாக்கம்’ (பரப்பு தன் மேலுள்ள பொருளுக்குச் செங்குத்தாகத் தரும் விசை) என்பதைக் காதால் மட்டும் கேட்ட பிள்ளைக்கு விடைத்தாளில் அதை எழுதத் தெரியாது.

---

பதுளை_அளவீடு | செவ்வாய், காலை 7.15

இரண்டு எதிர்ப்புக்கும் ஆய்விலேயே இடம் இருக்கிறது. 2012இல் அடெசோப்பே, நெஸ்பிட் இருவரும் செய்த தொகுப்பாய்வில் பேச்சு + எழுத்து, பேச்சு மட்டும் என்பதைவிட நல்ல பெறுபேறு தந்தது. எழுத்து மட்டும் என்பதோடு ஒப்பிட்டால் வேறுபாடு இல்லை. படம் இருக்கிறதா, வேகத்தைப் பிள்ளை கட்டுப்படுத்துகிறதா, முன்னறிவு எவ்வளவு என்பதைப் பொறுத்து விளைவு மாறியது. 2008இல் மேயரும் ஜோன்சனும் முழு வசனத்துக்குப் பதில் இரண்டு மூன்று சொற்களைப் படத்தின் உரிய பகுதிக்குப் பக்கத்தில் வைத்தபோது நினைவுகூரல் கூடியது.

ஆகவே பாடத்துக்கு இப்படி: படம் ஓடும் இடங்களில் கலைச்சொல்லை மட்டும் படத்தின் மேலேயே எழுதுங்கள். வரைவிலக்கணம் வரும்போது படத்தை நிறுத்தி முழு எழுத்தைக் காட்டுங்கள். மழைக்கு வசனத்தை வீடியோவில் பதிக்க வேண்டாம், பேச்சின் முழு எழுத்துவடிவத்தைத் தனி ஒரு பக்கமாகச் சேர்த்து அனுப்புங்கள். கேட்கும் பிள்ளைக்கு இடைஞ்சல் இல்லை, கேட்காத பிள்ளைக்குப் பாடம் இருக்கிறது.

---

மஸ்கெலியா_கணினிவளம் | செவ்வாய், காலை 7.50

அது சரிவரும். அளவுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன். டேட்டாவைத் தாண்டி எந்த ஆய்வும் பிள்ளையிடம் போகாது.

6 நிமிட வீடியோ, விநாடிக்கு 500 கிலோபிட் என்றால் 22.5 எம்பி. ஒலி மட்டும், ஒற்றைத் தடம், 32 கிலோபிட் என்றால் 1.4 எம்பி. அதோடு 100 கேபி படம் எட்டு சேர்த்தாலும் 2.2 எம்பி. பத்தில் ஒரு பங்கு. இதைப் பார்த்துவிட்டுப் பலர் படங்களையும் குரல் பதிவையும் தனித்தனியாகக் குறூப்பில் போடுகிறார்கள். அங்கே வேறு பிரச்சினை வருகிறது. எந்தச் சொல்லுக்கு எந்தப் படம் என்று பிள்ளை தேட வேண்டும். சொல்லும் படமும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்பதும் மேயரின் கண்டுபிடிப்புகளில் ஒன்றுதான்.

நடு வழி: அசையாத ஸ்லைடுகளை விநாடிக்கு 5 பிரேமில் வீடியோவாக்குங்கள். படத்துக்கு 60, ஒலிக்கு 32, மொத்தம் 92 கிலோபிட். 6 நிமிடத்துக்கு 4.1 எம்பி. வட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கி எழுத்தை மங்கலாக்கும். ‘ஆவணம்’ என்று தெரிவுசெய்து அனுப்புங்கள். எழுத்துச் சின்ன போனில் வாசிக்கக் கூடியதா என்று 5 அங்குலத் திரையில் பார்த்த பின்பே வெளியிடுங்கள்.

---

பண்டாரவளை_பயிற்சி | செவ்வாய், பகல் 12.20

தனியார் நிறுவன ஊழியர் பயிற்சிப் பாடங்கள் செய்பவர்களின் பக்கத்திலிருந்து ஒன்று. வாரத்துக்கு இரண்டு பாடம் முடிக்க வேண்டியவரிடம் மூலக் கட்டுரை வாசி, முறையியலைப் பார் என்று சொன்னால் நடக்காது. அவர் ஸ்லைடுக்கே திரும்பிப் போவார். அவருக்கு நம்பகமான இடைநிலை ஆவணம் தேவை.

இரண்டைச் சொல்கிறேன். 2007இல் அமெரிக்கக் கல்வி அறிவியல் நிறுவகம் வெளியிட்ட செயன்முறை வழிகாட்டி, கற்பித்தலையும் படித்தலையும் ஒழுங்கமைப்பது பற்றியது. ஏழு பரிந்துரைகள், ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் வலுவா, நடுத்தரமா, குறைவா என்று குறித்திருக்கும். இலவசம், ஒரு மாலையில் வாசித்து முடிக்கலாம். இரண்டாவது, இங்கிலாந்தின் எஜுகேஷன் எண்டோமென்ட் பவுண்டேஷன் வைத்திருக்கும் கருவித்தொகுதி. ஒவ்வொரு முறைக்கும் செலவு, ஆதாரத்தின் உறுதி, எத்தனை மாத முன்னேற்றம் என்று ஒரே வரியில் இருக்கும். உறுதியைப் பூட்டுச் சின்னங்களால் காட்டுவார்கள். பூட்டைப் பார்க்காமல் மாதத்தை மட்டும் பார்ப்பதுதான் அதில் நடக்கும் பெரிய பிழை.

கூட்டத்தில் ஒரு விதி வந்தால் ‘வழிகாட்டியில் இருக்கிறதா, என்ன தரம்’ என்று கேட்டாலே பாதி விதிகள் விழுந்துவிடும்.

---

பதுளை_அளவீடு | செவ்வாய், மாலை 5.05

வழிகாட்டியில் தொடங்குவது சரியே. ஆனால் செலவு கூடிய முடிவு, அதாவது பாடநெறி முழுவதையும் மாற்றும் முடிவு எடுக்கும்போது ஒரு மூலக் கட்டுரையாவது வாசிக்க வேண்டும். ‘மாத முன்னேற்றம்’ என்பது விளைவளவிலிருந்து மாற்றப்பட்ட எண். மாற்றும்போது நிபந்தனை உதிர்ந்துவிடுகிறது.

விளைவளவைக் கணிப்பது கடினமில்லை. இரு குழு இடைகளின் (சராசரிகளின்) வித்தியாசத்தை நியம விலகலால், அதாவது புள்ளிகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவால், பிரிக்க வேண்டும். உதாரணமாக 20க்கு ஒரு குழு 14.2, மற்றது 12.6, நியம விலகல் 4 என்றால் 0.4. பெரியதா சின்னதா என்பதற்கு ஒற்றை அளவுகோல் கிடையாது. கல்வி ஆய்வாளர் ஜோன் ஹட்டி தன் தொகுப்பில் 0.40ஐக் கோடாகப் போட்டார். அதற்குக் கீழே எல்லாம் பயனற்றது என்று பயிற்சிகளில் சொல்லித் திரிகிறார்கள். முன்-பின் வித்தியாசத்தையும் குழு வித்தியாசத்தையும் ஒன்றாகக் கலந்த கணக்கு அது என்பது அதன் மீதான முக்கிய விமர்சனம். 2020இல் மத்தியூ கிராஃப்ட் எழுமாற்றுப் பரிசோதனைகளையும் நியமப் பரீட்சைகளையும் மட்டும் வைத்து, 0.05க்குக் கீழ் சிறிது, 0.05 முதல் 0.20க்குள் நடுத்தரம், 0.20 அல்லது அதற்கு மேல் பெரிது என்று முன்மொழிந்தார். ஆய்வாளரே தயாரித்த பரீட்சையில் விளைவு ஏறத்தாழ இரு மடங்காகத் தெரிகிறது என்று 2016இல் சியூங், ஸ்லாவின் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கம்பனியொன்று தன் சொந்த வினாத்தாளில் 0.8 கிடைத்தது என்றால் அசந்துபோக வேண்டாம்.

---

கொட்டகலை_விஞ்ஞானம் | செவ்வாய், இரவு 8.00

மிகவும் பயன். ஒரு துணைக்கேள்வி. குழுவில் இளையவர்கள் செயற்கை நுண்ணறிவு அரட்டையிடம் ‘ஆதாரம் கொடு’ என்று கேட்டு ஐந்து கட்டுரைப் பெயர்களைக் கொண்டுவருகிறார்கள். ஏற்கலாமா?

---

பேராதனை_நூலகம் | செவ்வாய், இரவு 8.35

பெயராக ஏற்க வேண்டாம், தேடுவதற்குத் துப்பாக மட்டும் எடுங்கள். அது உண்மையான ஆசிரியரையும் உண்மையான இதழையும் சேர்த்து இல்லாத கட்டுரையை உண்டாக்கும். இன்னும் ஆபத்தானது, கட்டுரை உண்மையாக இருந்து, அதில் இல்லாத முடிவை ஏற்றிச் சொல்வது.

சரிபார்க்க மூன்று படி. தலைப்பை மேற்கோள் குறிக்குள் ஸ்காலரில் தேடுங்கள். வராவிட்டால் அங்கேயே விடுங்கள். வந்தால் டிஓஐ இலக்கத்தை (கட்டுரைக்குரிய நிலையான அடையாள எண்) டிஓஐ தளத்தில் இட்டு, திறக்கும் பக்கத்தின் தலைப்பும் ஆண்டும் ஒத்திருக்கிறதா பாருங்கள். சில நேரம் இலக்கம் உண்மையாக இருக்கும், திறப்பது வேறு கட்டுரையாக இருக்கும். பிறகு சொல்லப்பட்ட எண்ணை முழு உரையில் தேடுங்கள். எண் அங்கே இல்லையென்றால் அந்த வசனத்தைப் பாவிக்கக் கூடாது. உங்களிடமுள்ள பிடிஎப்பைக் கொடுத்து ‘பங்குபற்றுநர், ஒப்பீடு, அளவீடு, தாமதம் நான்கையும் பக்க எண்ணோடு எடு’ என்று கேட்பது பயனுள்ள வேலை. பக்கத்தைத் திருப்பி நீங்களே பார்க்கும்வரை.

---

ஹட்டன்_கணிதம் | செவ்வாய், இரவு 9.30

எதை விடுவது என்றே பேசுகிறோம். எதைச் செய்தால் நிச்சயம் பலன் என்று இரண்டை முன்வைக்கிறேன்.

ஒன்று, நினைவிலிருந்து எடுக்கும் பயிற்சி. ரோடிகர், கார்ப்பிக்கி 2006. ஒரு உரைப்பகுதியை நாலு முறை வாசித்தவர்கள், ஒரு முறை வாசித்து மூன்று முறை பார்க்காமல் எழுதியவர்கள். ஐந்து நிமிடம் கழித்து வாசித்தவர்கள் 83 சதவீதம், எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்து வாசித்தவர்கள் 40, எழுதியவர்கள் 61. வரிசை தலைகீழாகிவிட்டது. பாடம் முடிந்த கையோடு பரீட்சை வைத்து எது நல்லது என்று முடிவுசெய்யும் எல்லோரும் இந்த நாலு எண்ணையும் பார்க்க வேண்டும். மூடிலில் இதைச் செய்ய: வினாவங்கியிலிருந்து எழுமாற்றாக 5 கேள்வி, புள்ளி தவணைக்குச் சேராது, பல தடவை முயல அனுமதி, சரியான விடை விளக்கத்தோடு உடனே. போனில் மட்டும் இருப்பவர்களுக்கு 5 கேள்வியை எழுத்தாக அனுப்பி, விடையை அரை மணி நேரம் கழித்து அனுப்புங்கள். விடையைச் சேர்த்தே அனுப்பினால் பிள்ளை வாசிக்கும், நினைவிலிருந்து எடுக்காது.

இரண்டு, இடைவெளி. செப்பேடாவும் குழுவும் 2008இல் 1350க்கு மேற்பட்டோரிடம் செய்தது. பரீட்சை ஒரு வாரத்தில் என்றால் சிறந்த இடைவெளி அந்தக் காலத்தின் 20 முதல் 40 சதவீதம், அதாவது ஒன்றரை முதல் மூன்று நாள். ஒரு வருடத்தில் என்றால் 5 முதல் 10 சதவீதம், 18 முதல் 36 நாள். தரம் 10இல் படித்ததை சாதாரண தரத்துக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் மூன்று முதல் ஐந்து வாரத்துக்குள் ஒரு மீட்டல் வர வேண்டும். அவர்கள் பாவித்தது தனித்தனித் தகவல்கள், கணக்குத் தீர்ப்பது அல்ல. ஆகவே நாட்களைக் கல்வெட்டாக எடுக்காதீர்கள். இடைவெளி வேண்டும், பரீட்சை தூரமென்றால் இடைவெளியும் நீள வேண்டும் என்பதை எடுங்கள்.

---

மடுல்சீமை_தொடர்பு | புதன், காலை 7.10

சிக்னலே இல்லாத பிரிவுகளுக்கு ஒன்று சேர்க்கிறேன். கொரோனாக் காலத்தில் பொட்ஸ்வானாவில் ஆங்ரிஸ்ட், பெர்க்மன், மாட்ஷெங் மூவரும் நடத்திய எழுமாற்றுப் பரிசோதனை, 2022இல் வெளிவந்தது. ஏறத்தாழ 4500 குடும்பங்கள். ஒரு குழுவுக்கு வாரந்தோறும் கணிதக் கேள்வி எஸ்எம்எஸ்ஸில் மட்டும். இன்னொரு குழுவுக்கு எஸ்எம்எஸ்ஸோடு சேர்த்து 15, 20 நிமிட அழைப்பு, பெற்றாரும் பிள்ளையும் ஸ்பீக்கரில். எஸ்எம்எஸ்ஸோடு அழைப்பும் கிடைத்தவர்களுக்கு 0.12 நியம விலகல் முன்னேற்றம். எஸ்எம்எஸ் மட்டும் என்பதில் உறுதியான பலன் தெரியவில்லை. பிறகு நேபாளம் உட்பட ஐந்து நாடுகளில் இதேபோன்ற அழைப்பு முறையைப் பரிசோதித்தார்கள்.

நமக்கு இதில் எடுக்க வேண்டியது அழைப்பு மட்டுமல்ல, அழைப்பில் என்ன செய்தார்கள் என்பதும். கேள்வியைப் பிள்ளையோடு சேர்ந்து செய்தார்கள், ஒரு பகுதியினருக்குப் பிள்ளையின் மட்டத்தைப் பார்த்து அடுத்த கேள்வியைத் தெரிவுசெய்தார்கள். அதை விட்டுவிட்டு ‘எப்படி இருக்கிறீர்கள், வேலை முடித்தீர்களா’ என்று கேட்டு வைத்தால் அது வேறு செயல், அதற்கு அந்த 0.12 சேராது. அங்கே அது ஆரம்பப் பிரிவுக் கணிதம் என்பதையும் மறக்க வேண்டாம். தரம் 10 விஞ்ஞானத்துக்கு நேராகப் பொருத்த முடியாது. மலையில் இன்னொரு நடைமுறை: அப்பா அம்மா மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்து, வீடு சேர மாலையாகும். அழைப்பு அதற்குப் பிறகுதான்.

---

கொட்டகலை_விஞ்ஞானம் | புதன், இரவு 7.40

இனிச் சோதனை. திரை எழுத்தில் இரண்டு பதிப்பையும் செய்து பார்க்க நினைக்கிறோம்: கலைச்சொல் மட்டும், முழு வசனம். 80 பிள்ளைகள். ஒரு வகுப்புக்கு ஒன்று, மற்ற வகுப்புக்கு மற்றது போதுமா?

---

பதுளை_அளவீடு | புதன், இரவு 8.50

போதாது. வகுப்புக்கு வகுப்பு ஆசிரியர் வேறு, நேரசூசி வேறு. வித்தியாசம் வந்தால் பதிப்பாலா வகுப்பாலா என்று சொல்ல முடியாது.

எண்ணிக்கையும் போதாது. ஒரு குழுவுக்குத் தேவையான தொகை ஏறத்தாழ 16ஐ விளைவளவின் வர்க்கத்தால் பிரித்தது. 0.4 விளைவைப் பிடிக்கக் குழுவுக்கு 100 பேர், 0.2 என்றால் 400. உங்களிடம் குழுவுக்கு 40. 0.6க்கு மேல் இருந்தால்தான் கண்ணில் படும். திரை எழுத்துக்கு அவ்வளவு வராது.

ஆகவே ஒரே பிள்ளையையே இரண்டு பக்கமும் வையுங்கள். நாலு பாடம்: நேர்கோட்டு இயக்கம், நியூட்டனின் விதிகள், உராய்வு, விசையின் திரும்பல் விளைவு. ‘அ’ குழுவுக்கு முதலாவதும் மூன்றாவதும் கலைச்சொல் பதிப்பு, மற்ற இரண்டும் முழு வசனப் பதிப்பு. ‘ஆ’ குழுவுக்கு மாறி. ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு பதிப்பிலும் புள்ளி கிடைக்கும், பிள்ளைக்குப் பிள்ளை உள்ள வேறுபாடு கணக்கிலிருந்து போய்விடும். சாதாரண தர வகுப்பில் ஒரு பகுதியினருக்கு மட்டும் குறைந்ததைக் கொடுத்தோம் என்ற குறையும் இல்லை.

பரீட்சை மூன்று வாரம் கழித்து, கடதாசியில், வகுப்பறையில். நிகழ்நிலையில் வைத்தால் டேட்டா இல்லாத பிள்ளை விடுபடும், அந்த விடுபடலே முடிவை வளைக்கும். பாடத்துக்கு 10 கேள்வி, பாதி நினைவு, பாதி புதிய சூழலில் பிரயோகம். திருத்துபவருக்குக் குழு தெரியக் கூடாது. வீடியோவைத் திறக்காத பிள்ளையையும் ஒதுக்கிய குழுவிலேயே வைத்துக் கணியுங்கள். அதிபரின் அனுமதி, வலயக் கல்வி அலுவலக அனுமதி, பெற்றாரின் சம்மதம் மூன்றும் எழுத்தில்.

‘எது பிடித்தது’ என்று கேட்டு முடிவெடுக்க வேண்டாம். 2019இல் ஹார்வர்ட் பௌதிகவியல் வகுப்புகளில் டெலோரியேயும் குழுவும் செய்த ஆய்வில், செயலில் ஈடுபட்டுக் கற்றவர்கள் கூடுதலாகக் கற்றார்கள், ஆனால் குறைவாகக் கற்றதாக உணர்ந்தார்கள்.

---

ஹட்டன்_கணிதம் | புதன், இரவு 9.20

பிரிக்கும்போது பிள்ளைவாரியாக வேண்டாம் சேர், வீட்டுவாரியாகப் பிரியுங்கள். அண்ணன் தரம் 11, தங்கச்சி தரம் 10, போன் ஒன்று. பக்கத்து அறைப் பிள்ளையும் அதே போனில் பார்க்கும். மூடில் பதிவில் தெரிவது கணக்கு, பிள்ளை அல்ல. லய இலக்கத்தோடு பெயர்ப்பட்டியல் எடுத்து, ஒரே போனைப் பாவிப்பவர்களை ஒரே அலகாக்கி, எக்செல்லில் ரேண்ட் சார்பால் எண் கொடுத்து வரிசைப்படுத்துங்கள். எண்களை உடனே ‘பெறுமானமாக’ ஒட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் கோப்பைத் திறக்கும்போதெல்லாம் மாறும்.

---

கொட்டகலை_விஞ்ஞானம் | வியாழன், இரவு 8.15

பட்டியல் தயாராகிறது. உராய்வுப் பாடத்தின் பிரயோகக் கேள்வி ஒன்றைப் பாருங்கள்: ‘தேயிலைப் பெட்டியொன்றை அகலப் பக்கம் கீழே இருக்க இழுக்கும்போதும் ஒடுங்கிய பக்கம் கீழே இருக்க இழுக்கும்போதும் எல்லை உராய்வு விசை மாறுமா?’ வீடியோவில் வரும் உதாரணம் மேசையில் மரக்குற்றி.

---

பதுளை_அளவீடு | வியாழன், இரவு 8.55

சூழல் புதியது, நல்லது. இரண்டு திருத்தம். மாறும், மாறாது என்று இரண்டே விடை, ஊகித்தாலே பாதிப் பிள்ளைகளுக்குச் சரி வரும். ‘காரணம் தருக’ சேர்த்து, விடைக்கு 1, செவ்வன் மறுதாக்கம் மாறவில்லை என்ற காரணத்துக்கு 1 என்று புள்ளி கொடுங்கள். மற்றது, பெட்டியின் எல்லாப் பக்கமும் ஒரே பலகை, தரையும் ஒன்றே என்று கேள்வியிலேயே எழுதுங்கள். தேயிலைப் பெட்டியின் விளிம்பில் தகரம் அடித்திருப்பதைக் கண்ட பிள்ளை ‘மாறும்’ என்று எழுதி, சரியான காரணமும் எழுதும்.